பின் இருக்கையில் பறந்தவர்

மகனே,

வியாழக்கிழமை மத்தியானம் நீ கப்பல் வேலைக்குக் கிளம்புகிறாய். உள்ளே புதுப்பெண் சபீனா உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். கப்பல்காரர்கள் கேட்ட ஏதோ ஒரு காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க நீ காந்தி பஜாருக்குப் போயிருக்கிறாய். நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். முதல் முறை நீ சிரித்து மழுப்பிவிட்டாய். இரண்டாம் முறை பேச்சை ஆரம்பித்த நேரம் பார்த்து டிவியில் எண்ணெய்க் கப்பல் ஒன்று நடுக்கடலில் எரிவதைக் காட்டினார்கள். நீ எழுந்துபோய் சேனலை மாற்றிவிட்டு, "அதெல்லாம் எங்க ரூட் இல்லம்மா" என்றாய். உன் ரூட் எது என்று சொல்லவில்லை. உனக்கே இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்தவள் நான். சொந்தமாக இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. இடது கண் பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை பஸ்ஸில் ஏறிய பிறகு பிரிக்காதே. வீட்டில் இருக்கும்போதே படித்துவிடு.

பீரோவில் ஒரு பழைய படம் இருக்கிறதே, விமானப்படை உடையில், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர். அவர் பெயர் காசிம், என்னைப் பெற்ற அத்தாவின் அண்ணன், ஜப்பான் யுத்தத்தில் போய்விட்டார் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பாதி. மீதிப் பாதி இதுதான்: என் அம்மா, நீ நன்னி என்று மடியில் ஏறிப் படுத்தவள், முதலில் அவருடைய மனைவி. அவர் காணாமல் போன பிறகு அவருடைய தம்பிக்கு நிக்காஹ் செய்து வைக்கப்பட்டவள். அந்த இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள்தான் நானும் உன் மாமாக்களும். ஊரில் வயதானவர்களுக்கு இது தெரியும். நம் வீட்டுக்குள் யாரும் பேசியதில்லை.

பெரியத்தா காசிம் திண்டிவனத்தில் தங்கிப் படித்தவர். இங்கிலீஷ் வரும். ரேடியோ கருவியில் தந்தி அடிக்கப் பழகி விமானப்படையில் சேர்ந்தார். அங்கிருந்து குண்டு போடும் விமானத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த விமானத்தில் இரண்டே பேர். முன்னால் பைலட். அவர் முதுகுக்குப் பின்னால், வால் பக்கம் பார்த்தபடி, துப்பாக்கியும் ரேடியோவுமாக இவர். கல்யாணமாகி இரண்டு லீவில்தான் அம்மா அவரோடு இருந்திருக்கிறாள், எல்லாம் சேர்த்து ஐம்பது நாள் இருக்கலாம். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவர் இரண்டு முக்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, அம்மாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு, பின்னால் தான் உட்கார்ந்தாராம். "நீ ஓட்டு. பின்னால வர்றவன நான் பாத்துக்கறேன்" என்றாராம். பறக்கும்போது பைலட்டின் முகத்தைப் பார்க்கவே முடியாது, காதில் குரல் மட்டும்தான் கேட்கும் என்றும் சொன்னாராம். அம்மா இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தந்தி இங்கிலீஷில் வந்தது. போஸ்ட் மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். "காணோம்னு போட்டிருக்கு" என்றார். செத்துவிட்டார் என்று போட்டிருந்தால் அழுதிருப்பார்கள். காணோம் என்றால் என்ன செய்வது? அம்மாவின் மாமனார், "காணோம்னா தேடுவாங்கல்ல?" என்று கேட்டிருக்கிறார். போஸ்ட் மாஸ்டர், "தேடுவாங்க பாய்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு கடிதம் வந்தது. அதில் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. அந்த வார்த்தையை நான் வேலையில் எத்தனையோ கடிதங்களில் அடித்திருக்கிறேன். அது யாரையும் உறுதியாகச் சாகவிடாது. அவர் காணாமல் போய் நாலு வருஷம் கழிந்தது. ஜமாஅத்தில் பேசி, காஜியாரைக் கேட்டு, இனி அவள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றார்கள். அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், தம்பியையே கட்டிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கேட்டாங்க. இன்னா சொல்றது? தலைய ஆட்டுனேன்" என்றாள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போதுதான் நம் வீட்டில் இருந்த பயம் என்னவென்று எனக்குத் தெரிந்தது. பர்மாவிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிய சமயம். அப்படி வந்த ஒருவர் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். "ஏரோப்ளேன்லேருந்து விழுந்த ஒரு தமிழ் பாய் அக்யாப்ல கீறாரு. கால் ஊனம். மசூதியில பாங்கு சொல்றாரு. செஞ்சிதான் ஊருன்னு சொன்னாரு" என்றார். அத்தா அவரை உட்கார வைத்துச் சோறு போட்டார். தானே பரிமாறினார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வந்தவர் போனபின் உள்ளே திரும்பினால், அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், வெளி ஆம்பளை முன்னால் நிற்பது போல. அன்றைக்கே தன் பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் படுக்கும் அறைக்கு வந்துவிட்டாள். முதல் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்றால் தான் யாருக்கு மனைவி என்பது அவள் கணக்கு. ஐந்து மாசம் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் எங்கள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "உங்க அத்தாவ சாப்ட சொல்லு." "உங்க அம்மாவ அந்தக் கடுதாசிய எடுத்துத் தரச் சொல்லு."

கடைசியில் அத்தா மெட்ராஸுக்குப் போனார். பர்மாக்காரர்களைத் தங்க வைத்திருந்த முகாமில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், நாலு நாள் கழித்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மா இருந்த அறையைப் பார்த்துச் சொன்னார்: "ஆளப் பாத்துட்டேன். பொய் சொல்லிருக்கான். பஸ் ஸ்டாண்டுல யாரோ நம்ம கதையச் சொன்னத கேட்டுட்டு, சோத்துக்காக வந்து சொல்லிருக்கான்." அம்மா ஒரு வாரம் கழித்துப் பாயை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனாள். அத்தா சாகக் கிடந்தபோது என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். முகாமில் அந்த ஆள் இல்லை. வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். நாலு நாளும் முகாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பொய்யை ஜோடித்திருக்கிறார். "வேற இன்னாம்மா பண்றது, புள்ளைங்க நீங்க இருந்தீங்க" என்றார்.

அத்தா இறந்து, புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் அம்மா இருந்த நாட்களில், மூலை அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது, அவளாகவே பேச்சை எடுத்தாள். "உங்க அத்தா அன்னிக்குப் பொய்தான் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும். மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றாள். தெரிந்துமா அவரோடு இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "ஒருத்தருக்கு இத்தா இருக்கேன். இன்னொருத்தருக்கு இருந்ததே இல்ல. அவரு எந்தத் தேதியில மவுத்தானாருன்னு யாருக்காவது தெரியுமா? என் நிக்காஹுக்கு முன்னாலயா பின்னாலயா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்மா எனக்கு. நீதான் இங்கிலீஷ் லெட்டர் அடிக்கிறியே. கேட்டுப் பாரேன்." அவள் என்னிடம் வாழ்நாளில் கேட்டது இது ஒன்றைத்தான்.

கேட்டேன். ஒன்பது வருஷம் கேட்டேன். ஆபீஸ் முடிந்து எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து டெல்லிக்கு அடித்தேன், லண்டனுக்கு அடித்தேன். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. நீ வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் பையோடு உட்கார்ந்திருப்பாய். நான் வந்ததும், "இன்னிக்கும் செத்தவருக்கு லெட்டரா?" என்று கேட்பாய். ஒரு நாள் அதற்கு உன்னை அடித்துவிட்டேன். டெல்லியில் படை எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அவர் எழுதிய நாலு கடிதங்களில் ஒன்றின் உறையில் அந்த எண் கிடைத்தது. கல்லறை இல்லாதவர்களின் பெயர்களை வெட்டி வைத்த சுவர் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறதாம். அதில் அவர் பெயர் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. இத்தனை வருஷம் கல்லில் இருந்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் லண்டனிலிருந்து அவருடைய படைப்பிரிவின் தினக்குறிப்பில் ஒரு பக்கம் நகலாக வந்தது. அதை அடித்த மெஷினில் ஒரு எழுத்து வரியை விட்டு மேலே ஏறி விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு தட்டச்சர், அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்து, இவர்கள் இரண்டு பேர் திரும்பவில்லை என்று அடித்திருக்கிறார். இரண்டு பெயர்கள். உத்தையா, பைலட். காசிம், பின் இருக்கை.

இன்னும் இருக்கிறதா என்று மறுபடி எழுதினேன். அடுத்த நகல் ஒரு மழைநாளில் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. பட்டா மாறுதல் மனுக்களுக்கு நடுவில் வைத்துப் பிரித்தேன். மூன்று வாரம் தள்ளிய தேதியில் ஒரே ஒரு வரி. பைலட் உத்தையா காட்டு வழியாக நடந்து நம் எல்லைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்துவிட்டார். ஒருவர் உயிரோடு திரும்பியிருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் நமக்கு ஒரு வரி எழுதவில்லை. பழைய விமானப்படைக்காரர்களுக்காக ஒரு பத்திரிகை வருகிறது. அவர்களுக்கு எழுதினேன். முகவரி கொடுத்தார்கள். குடகுக்காரர், யுத்தத்துக்குப் பிறகு தேயிலை எஸ்டேட்டில் மானேஜராக இருந்து, குன்னூரிலேயே தங்கிவிட்டவர். கடிதம் போட்டேன். தமிழில், ஆடும் கையெழுத்தில் பதில் வந்தது: "எழுத முடியாது. வாருங்கள்."

நான் கிளம்பிய அன்றைக்கு உனக்குக் காய்ச்சல். உன் அத்தா, "அடுத்த வாரம் போயேன்" என்றார். பைலட்டுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, அடுத்த வாரம் இருப்பாரோ என்னவோ என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று மாறி மாறி மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி போட்ட வராந்தாவில் முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நீங்க காசிம் பொண்ணா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. அவர் தம்பி பொண்ணு. அவர் சம்சாரம்தான் எங்க அம்மா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?"

"நாலு வருஷம் காத்திருந்து."

"நாலு வருஷம்" என்றார். மறுபடியும், "நாலு வருஷம்."

பிறகு அவர் சொன்னார். அரக்கான் பக்கம் ஒரு ஆற்றங்கரையில் ஜப்பான்காரர்களின் கிடங்கு. செங்குத்தாக இறங்கிக் குண்டைப் போட்டுவிட்டு மேலே தூக்கும்போது அடி விழுந்தது. எஞ்சின் எரிந்தது. குதி என்று இவர் சொன்னார், இரண்டு பேரும் குதித்தார்கள். இவர் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் மூங்கில் புதரில் விழுந்தார். பெரியத்தாவின் பாராசூட் எதிர்ச்சரிவில் மரத்தில் மாட்டிக்கொண்டது. "கூப்பிட்டா கேக்கற தூரம்மா. நூறு, நூத்தம்பது அடி" என்றார். கீழே வண்டித் தடத்தில் ஜப்பான்காரர்கள் தேடிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"கூப்ட்டான். மொதல்ல சார், சார்னு. அப்புறம் இங்கிலீஷ்ல, அப்புறம் ஹிந்துஸ்தானில. கால் போச்சு, வாங்கன்னான். நான் பதில் சொல்லல. வாயத் தெறந்தா எனக்கும் சாவு. அவங்க மலைக்கு அந்தப் பக்கம் தேடினாங்க. அவன் சத்தம் எதிரொலிச்சு எங்கிருந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. வெயில் சாயற வரைக்கும் கூப்ட்டான். கடைசில அவன் பாஷையில கூப்ட்டான். எனக்கு அப்ப தமிழ் தெரியாது."

மறுநாள் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஓடையைத் தாண்டிப் போயிருக்கிறார். பெரியத்தா கயிற்றில் தொங்கியபடி இருந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. கயிற்றை அறுத்து இறக்கி, ஒரு பள்ளத்தில் வைத்துக் கல்லும் மண்ணும் போட்டு மூடியிருக்கிறார். "உங்க ஆளுங்க மேற்க பாத்துத் தொழுவாங்கன்னு தெரியும். முகத்த மேற்க திருப்பி வச்சேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"இத ஏன் நீங்க சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"அடக்கம் பண்ணேன்னு சொன்னா, எப்ப செத்தான்னு கேப்பாங்க. ஒரு பகல் முழுக்கக் கூப்ட்டான், நான் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்னு சொல்லணும். வானத்துலயே பிரிஞ்சிட்டோம், அவன நான் பாக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிதான். அப்புறம் அத மாத்த முடியல." பிறகு சொன்னதுதான், மகனே, எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து தமிழ் கற்றுக்கொண்டபோது, காட்டில் கேட்ட அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு அர்த்தம் தேடியிருக்கிறார். தோட்டத்து ஜனங்கள் யாரும் அந்த வார்த்தையைப் பேசவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் வேலைக்கு வந்தார். ஒரு நாள் இவர் ஷெட்டில் நின்று டிரைவரைக் கூப்பிட, லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது: "இங்க கீறேன் சார்." அவர் அதை எனக்குச் சொல்லிக் காட்டினார். குடகுக்காரர் வாயில், நம் ஊர் இழுவையோடு, அப்படியே. "இங்க கீறேன் சார். இங்க கீறேன்." அந்த டிரைவரை அன்றைக்கே வேறு எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டாராம்.

டீ ஆறிக் கிடந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "உங்க அம்மா இருக்காங்களா? நான் வந்து ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டார். நான் "வேணாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன், எழுந்து வந்துவிட்டேன். அவருக்கு வயது இருபத்துமூன்றோ நாலோ, வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள் என்பதெல்லாம் மலை இறங்கும் பஸ்ஸிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. பிற்பாடு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நாலைந்து மாசத்தில் அவர் இறந்துவிட்டதாக மகளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பா உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார் என்று எழுதியிருந்தாள்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஊருக்கு வந்து உன் மாமா வீட்டில் அம்மாவைப் பார்த்ததும் கேட்டாள், "பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "இன்னா சொன்னாரு?" அவள் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் இருந்தது. நிக்காஹுக்கு நாலு வருஷம் முன்னாலேயே அவர் போய்விட்டார், நீ யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பகல் முழுக்க அவர் கூப்பிட்டதைச் சொல்ல வேண்டும். நல்ல பாதியை மட்டும் பிய்த்து எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா, ஒண்ணும் பேச முடியல. அடுத்த மாசம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அத்தாவின் முகத்தை அன்றைக்கு எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி. "சரி" என்றாள். அப்புறம் கேட்கவே இல்லை. இன்று சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? அவர் உயிரோடு இருந்திருக்கிறார், அதனால்தான் மகள் மறைக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். ஏழு வாரம் அவளை அந்த நினைப்போடு விட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு சரிந்தாள். விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவள் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, அவரு அந்த வாரமே மவுத்தாயிட்டாரு. மேற்க பாத்துதான் படுத்துகீறாரு. நீ ஒரு தப்பும் பண்ணலம்மா." மூன்று தடவை சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கண்ணீர் இறங்கியது. நான் சந்தோஷமாக நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண் பஞ்சால் துடைத்துவிட்டு, "இமை மூடலன்னா அப்படித்தான் தண்ணி வரும்மா" என்றாள். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷமாகத் தெரியாது.

போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எலக்ட்ரீஷியன் படிப்பு படித்துவிட்டு இங்கே நெல் மண்டியில் மோட்டார் கட்டிக்கொண்டு நீ பட்ட சலிப்பு எனக்குத் தெரியும். போ. ஆனால் நம் வீட்டு விஷயத்தில் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம். ஒரு குடகுக்காரர் ஒரு வரி எழுதினார். என் அத்தா பஸ்ஸில் ஒரு பொய் ஜோடித்தார். நான் ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்பவள் தாங்கமாட்டாள் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். அவள் எதையும் தாங்கியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருந்ததை மட்டும்தான் அவளால் தாங்க முடியவில்லை. நீயும் அதே வழக்கத்தில்தான் சேனலை மாற்றுகிறாய். கப்பலின் பெயரைச் சபீனாவுக்கு எழுதிக் கொடு. எந்தக் கடல் என்று தெரிந்த நாளிலேயே சொல். அங்கே ஏதாவது நடந்து, நீ பார்த்திருந்தால், செத்தவனின் வீட்டுக்கு நீயே எழுது. நீ படுத்திருந்த தூரத்தையும் சேர்த்து எழுது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன்னிடமிருந்து செய்தியே இல்லாமல் போனால், சபீனாவை இந்த வீட்டில் காத்திருக்க வைக்க மாட்டேன். ஜமாஅத்துக்கு நானே போவேன். அவளுக்கு யாரைப் பிடிக்கிறது என்று அவளைக் கேட்டு, நானே முன்னால் நின்று நிக்காஹ் செய்து வைப்பேன். உன்னைப் பெற்றவள் அதைச் செய்தால்தான் அவள் பயப்படாமல் வாழ முடியும். நேற்று நீ மெடிக்கலுக்குச் சென்னை போயிருந்தபோது, இந்தக் கதை முழுவதையும், இந்தக் கடைசி வார்த்தை உட்பட, அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி மூன்று மாசம் ஆன பெண்ணிடம் சொல்லக்கூடியதா என்று யோசிக்கவில்லை. யோசித்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் அழவில்லை. கையில் இருந்த உன் சட்டையைப் பாதி மடித்தபடியே வைத்திருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"கப்பல்ல சிக்னல் இருக்காதுன்னு சொல்றாரு அத்த. எத்தினி நாளு போன் வரலன்னா நான் பயப்படணும்?"

அது நீ சொல்ல வேண்டிய பதில். இப்போது எழுந்து உள்ளே போ. அவளிடம் இத்தனை நாள் என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறு.

உன் அம்மா